காதில் வெட்டு அடையாளமுள்ள நாய் கடித்தால் தடுப்பூசி தேவையா?

குன்னம் வட்டத்தில் நாய்க்கடியுடன் வருவோரில் சிலர், "காதில் வெட்டு உள்ள நாய்தான், டாக்டர், அதற்கு ஊசி போட்டிருக்கிறார்கள்" என்று கூறித் தடுப்பூசியைத் தவிர்க்க முயல்கின்றனர். அது ஆபத்தானது.

கருத்தடை அறுவை செய்து, ரேபிஸ் தடுப்பூசியும் போட்ட தெருநாய்க்கே அவ்வடையாளம் இடப்படுகிறது. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி, பிடித்த இடத்திலேயே அது மீண்டும் விடப்படும். இப்பணி பாடநூல் அறிவால் மட்டும் கைகூடுவதன்று. உதகமண்டலத்தில் வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ் அமைப்பின் பயிற்சி மையத்தில், பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர்களும் அனுபவமிக்கோர் மேற்பார்வையில் தம் கையாலேயே அறுவை செய்து பழகுகின்றனர். உதவியாளர்கள் நாயை வருத்தாமல் பிடிக்கவும், மயக்கநிலையில் அதன் மூச்சைக் கண்காணிக்கவும் கற்கின்றனர். சிறிய கீறலும் அவிழாத முடிச்சும் இருந்தால்தான் நாய் விரைவில் தெருவுக்குத் திரும்ப இயலும். (இப்பணியாளர்கள் தாமும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.)

ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் அவற்றிடையே நோய்ப்பரவல் தடைபடும். ஆயினும் காதிலுள்ள வெட்டு, ஊசி போட்ட நாளைச் சொல்வதில்லை. ஊசியின் பயனோ காலப்போக்கில் குறையும். ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

எனவே எந்த நாய் கடித்தாலும், பல் கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். தோலினுள் செலுத்தும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படும். இரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப்புரத ஊசியும் தேவைப்படும்.