பழைய 5 ரூபாய் நாணயத்தில் 9 ரூபாய்க்கு உலோகம்: பிரித்தெடுத்து விற்றால் லாபமா, ஜெயிலா?

உங்கள் இன்ஸ்டாகிராமில் இந்த இரண்டு வகை ரீல்ஸும் வந்திருக்கும். முதல் வகையில், அமெரிக்காவில் ஒருவர் வங்கியிலிருந்து கட்டுக்கட்டாக நாணயங்களை வாங்கி வந்து மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டி, நடுவில் ஒன்றைத் தூக்கிக் காட்டி "வெள்ளி!" என்கிறார். இரண்டாவது வகையில், உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய 5 ரூபாய்க்கு 5 லட்சம் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

முதல் கதையில் உண்மை இருக்கிறது. இரண்டாவதில் கிட்டத்தட்ட எப்போதுமே மோசடிதான். ஆனால் 5 ரூபாய் நாணயத்துக்குள் 5 ரூபாயைவிட மதிப்பான உலோகம் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். அந்தக் கணக்கையும், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டத்தையும் பார்க்கலாம்.

அமெரிக்காவில் எதைத் தேடுகிறார்கள்?

1964 வரை அச்சான அமெரிக்க 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களில் 90% வெள்ளி. வெள்ளி விலை ஏறியதால் 1965-இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். பழைய 25 சென்ட் ஒன்றில் சுமார் 5.6 கிராம் வெள்ளி இருக்கிறது. இன்று அதன் மதிப்பு பல டாலர்கள். அதனால்தான் ஒரு சிலர் இன்னும் சில்லறையைக் கொட்டித் தேடுகிறார்கள்.

அடுத்தது 1 சென்ட். 1982-க்கு முன் அது 95% செம்பு, எடை 3.11 கிராம். அந்த வருடத்தின் நடுவில் அதைத் துத்தநாகத்துக்கு மாற்றி, மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும் கொடுத்தார்கள். எடை 2.5 கிராமாகக் குறைந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் பிரிப்பவர்கள் வருடத்தைப் படிக்க வேண்டும், இல்லையென்றால் எடை போட வேண்டும். இதற்கு மெஷினும் உண்டு. அதில் ஒரு செம்பு நாணயத்தை மாதிரியாக வைத்துவிட்டால், உள்ளே விழும் ஒவ்வொரு நாணயத்தின் மின்காந்தத் தன்மையையும் மாதிரியோடு ஒப்பிட்டு, ஒத்துப்போவதை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமும் தள்ளிவிடும்.

ஆனால் பிரித்தெடுக்கலாமே தவிர, உருக்க முடியாது. 2006 டிசம்பரில் 1 சென்ட், 5 சென்ட் நாணயங்களை உருக்க அமெரிக்க அரசு தடை போட்டது. மீறினால் 5 வருடம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

சரி, நம்ம சில்லறையில் என்ன இருக்கு?

பிரிட்டிஷ் கால 1 ரூபாய் 11.66 கிராம் எடையில், 91.67% வெள்ளியாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1940-இல் அதை 50% ஆக்கினார்கள். 1947-இல் வெள்ளியே இல்லாமல் நிக்கலுக்கு மாறினார்கள். ஆகவே இன்று கடையில் வாங்கும் சில்லறையில் வெள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது செம்பும் நிக்கலும்தான். 1992-இல் வந்த தடிமனான வெள்ளை நிற 5 ரூபாயும், 1990-களின் பதினொரு பக்க 2 ரூபாயும் 75% செம்பு, 25% நிக்கல் கலந்தவை. அதற்குப் பிறகு வந்த 1, 2 ரூபாய்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது 83% இரும்பு, 17% குரோமியம்.

வீட்டில் பிரித்துப் பார்க்க ஃபிரிட்ஜ் மேக்னட் ஒன்று போதும். ஸ்டீல் நாணயம் ஒட்டும், செம்பு-நிக்கல் நாணயம் ஒட்டாது. ஒரே ஒரு விஷயம், சுத்த நிக்கலால் ஆன மிகப் பழைய 1 ரூபாயும் ஒட்டும். அதனால் மேக்னட்டோடு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கணக்குப் போடலாம்

உலோக விலை தினமும் மாறும். கணக்குக்காக, ஒரு கிலோ செம்பு 900 ரூபாய், நிக்கல் 1,400 ரூபாய், துத்தநாகம் 280 ரூபாய், ஸ்டீல் 100 ரூபாய் என்று வச்சுக்கலாம்.

- பழைய 5 ரூபாய் (9 கிராம்): செம்பு 6.75 கிராம், நிக்கல் 2.25 கிராம். உலோக மதிப்பு சுமார் 9.20 ரூபாய்.
- பதினொரு பக்க 2 ரூபாய் (6 கிராம்): சுமார் 6.15 ரூபாய். முகமதிப்பைப் போல மூன்று மடங்கு.
- 2009-இல் வந்த பித்தளை நிற 5 ரூபாய் (6 கிராம், 75% செம்பு, 20% துத்தநாகம், 5% நிக்கல்): சுமார் 4.80 ரூபாய்.
- 2011-இல் வந்த ஸ்டீல் 1 ரூபாய் (3.79 கிராம்): சுமார் 38 காசு.
- 2020-இல் வந்த பன்னிரண்டு பக்க 20 ரூபாய் (8.54 கிராம்): 9 ரூபாயைத் தாண்டாது.

பழைய 5, 2 ரூபாய்கள் இப்போது ஏன் கண்ணில் படுவதே இல்லை என்பதற்கு இந்தப் பட்டியலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகம் மேலே போட்ட எண்ணைவிட மதிப்பு கூடினால், அந்த நாணயம் புழக்கத்திலிருந்து மெல்ல மறையும். மூன்றாவது வரியையும் பாருங்கள். செம்பு மட்டும் 950 ரூபாயைத் தொட்டால், பித்தளை நிற 5 ரூபாயும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

உலோக மதிப்பு குறைவாக இருந்தாலும் ஆபத்து முழுக்கப் போவதில்லை. 2007-இல் கொல்கத்தாவில் கடும் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. இந்திய நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு, உருக்கி ரேசர் பிளேடு செய்யப்படுவதாக அப்போது செய்திகள் வெளியாகின. ஒரு நாணயத்திலிருந்து பல பிளேடு செய்ய முடிந்தால், எடைக்கு எடை போட்ட கணக்கு அங்கே செல்லாது.

அப்போ சேர்த்து வச்சு விற்கலாமா?

சட்டத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, வெறும் கணக்காகப் பார்ப்போம். பழைய 5 ரூபாய் ஒன்றுக்கு அதிகபட்ச லாபம் 4.20 ரூபாய். 10,000 ரூபாய் பார்க்க சுமார் 2,400 நாணயம் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 21 கிலோ. அதையும் பழைய இரும்புக் கடைக்காரர் முழு மார்க்கெட் விலைக்கு எடுக்க மாட்டார். புழக்கத்திலிருந்து போய்விட்ட நாணயத்தைத் தேடி அலையும் நேரத்துக்குக் கூலி போட்டால் மிஞ்சுவது நஷ்டம்தான்.

இப்போது சட்டம். நாணயச் சட்டம் 2011-இன் 12-வது பிரிவு, நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. உருக்கிய நாணயத்தை வைத்திருப்பதும் குற்றம். முகமதிப்பைத் தவிர வேறு விலைக்கு விற்கவோ உருக்கவோ, நியாயமான தேவையைவிட மிக அதிகமாக நாணயங்களைக் குவித்து வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். உண்டியலில் இருக்கும் சில்லறைக்கும், சேகரிப்பில் இருக்கும் நாலு பழைய காசுக்கும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. "மொத்தமா சேர்த்துக் கொடுங்க, எடைக்கு எடுத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள்.

5 லட்சம் தருவதாகச் சொல்பவர்கள்?

இங்கேதான் நம்மில் பலர் பணத்தை இழக்கிறோம். பழைய நாணயத்தின் போட்டோ கேட்பார்கள், உடனே ஓகே சொல்வார்கள், பிறகு ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம், கமிஷன், வரி என்று முன்பணம் கேட்பார்கள். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும்கூடக் காட்டுவார்கள். இதைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. பொருளை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்கும் உங்களிடம் அவர் பணம் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள்.

வீட்டில் கிடக்கும் மற்ற சில்லறையைச் செலவு செய்யுங்கள். 50 காசு முதல் 20 ரூபாய் வரை எல்லாமே செல்லும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. 10 ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர் மறுத்தால், 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி அறிவித்ததைச் சொல்லுங்கள்.