முட்டையைப் பார்த்தே கலப்பினப் பாம்பு என்று சொல்ல முடியுமா?

ஒரு பாம்பு முட்டையைக் காட்டி, ‘இது ரெண்டு இனம் கலந்தது’ என்று யாராவது சொன்னால் நம்பலாமா? சுருக்கமான பதில்: முட்டையை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

ஏன் முடியாது?

மஞ்சள் கரு, கருத்தரிப்பதற்கு முன்பே தாயின் உடலில் உருவாகிவிடுகிறது. தோல் மாதிரி நெகிழும் ஓடும் தாயின் கருக்குழாயில்தான் சேர்கிறது. தந்தையின் பங்கு டிஎன்ஏ மட்டுமே. அதனால் முட்டையின் அளவு, எண்ணிக்கை, ஓடு எல்லாமே தாயின் இனத்தைத்தான் காட்டும்.

பால் பைத்தான் பொதுவாக 10-க்கும் குறைவான முட்டைகளே இடும். பர்மிய மலைப்பாம்பு டஜன் கணக்கில் இடும். இந்த இரண்டும் இணைந்து குட்டிகள் பிறந்ததுண்டு. ஆனால் தாய் பர்மிய இனம் என்றால், முட்டைகளும் அந்த இனத்தின் முட்டைகள் போலவே இருக்கும்.

அப்போ கலப்பின் தடயம் எங்கே தெரியும்?

கருத்தரித்த முட்டை வெள்ளையாக, திடமாக இருக்கும். கருத்தரிக்காதது பெரும்பாலும் சிறிதாக, மஞ்சளாக இருக்கும். இனங்கள் பொருந்தாதபோது இப்படி வீணாகும் முட்டைகளும், பாதியில் இறக்கும் கருக்களும் அதிகமாகலாம். ஆனால் ஒரே இன ஜோடியிலும் இது நடக்கும் என்பதால், இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. உறுதி செய்ய மரபணுச் சோதனைதான் வழி.

இதில் என்ன ஆபத்து?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பாருங்கள். செல்லப்பிராணி வணிகம் வழியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே காட்டில் பெருகிவிட்டன. 2022-இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 98 கிலோ எடையுள்ள ஒரு பெண் பாம்பின் வயிற்றில் 122 முட்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன. 2018-இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட சுமார் 400 பாம்புகளில் 13-இல் இந்திய மலைப்பாம்பின் மரபணு அடையாளம் கிடைத்தது. அது தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அதாவது, அந்த வம்சங்களின் தாய்வழியில் எங்கோ ஓர் இந்திய மலைப்பாம்பு இருந்திருக்கிறது. பார்வைக்குத் தெரியாத கலப்பு, மரபணுவில்தான் சிக்கியது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் ஊர்வனவற்றின் முட்டையும் அடக்கம். இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் முட்டையை எடுத்து வைத்திருப்பதும் குற்றம்தான். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2024 விதிகளின்படி ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கலப்பினம் என்பதும் தப்பிக்கும் வழி அல்ல. சைட்ஸ் உடன்படிக்கையில், முந்தைய நான்கு தலைமுறைக்குள் பட்டியலிடப்பட்ட இனம் இருந்தால், கலப்பின விலங்குக்கும் கட்டுப்பாடு பொருந்தும்.

யாராவது முட்டையையோ குட்டியையோ விற்க வந்தால், நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன் பெற்றோர் யார், ஆவணம் எங்கே என்று கேளுங்கள். அந்தப் பதிலை முட்டை ஓடு சொல்லாது.