கண்டிப் படிகளும் நடக்க உதவும் புறவன்கூடும்

மலைகள் சூழ்ந்த கண்டி மாநகரில், வீட்டு வாசலிலிருந்து பிரதான வீதியை அடைவதற்கே பல படிகளைக் கடக்க வேண்டியவர்கள் ஏராளம். ஹந்தானைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளிலும் மஹய்யாவையின் மேட்டுப்புற வீடுகளிலும் இதுவே நிலைமை. நடக்க முடிந்தவருக்கு இது சற்று மூச்சு வாங்கும் விடயம் மட்டுமே. ஆனால், மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டில் காயமுற்றவரும் பாரிசவாதத்தால் ஒரு கால் தளர்ந்தவரும் அப்படிகளாலேயே வீட்டோடு முடங்கிப் போகின்றனர். 2012ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, நடப்பதில் சிரமத்தை எதிர்நோக்குவோர் நாடு முழுவதிலும் 7 இலட்சத்துக்கும் அதிகமாவர்.

இத்தகையோருக்கென உலகின் ஆய்வுகூடங்களில் உருவாக்கப்பட்டு வருவதே அணியும் ரோபோப் புறவன்கூடு ஆகும். நண்டுக்கும் இறாலுக்கும் உடலின் வெளிப்புறத்தே அமைந்த ஓட்டினைப் புறவன்கூடு எனப் பாடசாலையில் கற்றிருக்கின்றோம். அதே போன்று, மனிதனின் இடுப்பிலிருந்து பாதம் வரை வெளிப்புறமாகப் பட்டிகளால் பிணைக்கப்படும் உலோகச் சட்டகமே இது. இடுப்பு மூட்டிலும் முழங்கால் மூட்டிலும் மின்மோட்டர்கள் பொருத்தப்பட்டுள்ளன. அணிந்தவர் உடலைச் சற்று முன்னே சாய்த்ததும் உணரிகள் அதனை அறிகின்றன. சிறு கணினியொன்று கட்டளையிட, மோட்டர்கள் காலை எடுத்து வைக்கின்றன. ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' எனும் சாதனமோ, தசையை அசைக்க மூளை அனுப்பும் நலிந்த மின்சமிக்ஞைகளைத் தோலின் மேற்பரப்பிலேயே உணர்ந்து செயற்படுகின்றது.

இம்முயற்சி புதிதன்று. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அமைத்த 'ஹார்டிமன்' 680 கிலோகிராம் எடையுடையதாக இருந்ததால் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. அதே காலப்பகுதியில் பெல்கிரேட் நகரில் மியோமிர் வுகோபிராதோவிச் தலைமையிலான குழுவினர் உடல் செயலிழந்தோருக்கான நடைச்சட்டகங்களை உருவாக்கினர். இடுப்புக்குக் கீழே செயலிழந்தோர் வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்துவதற்கென 'ரீவோக்' எனும் சாதனத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் அனுமதி வழங்கியமை முக்கிய திருப்பமாகும்.

எனினும், அவ்வனுமதியில் மாடிப்படி ஏறுதல் அடங்கியிருக்கவில்லை. படிகளிலும் நடைபாதை விளிம்புகளிலும் பயன்படுத்த அனுமதி கிடைத்தது 2023இலேயே. சமதரையில் நடப்பதற்கும் படியேறுவதற்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. கண்டி வாசகர்கள் இதனைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இத்தாமதத்துக்குக் காரணம் சோதனையின் கடுமையே. சாதனம் முதலில் ஆளின்றியும், பின்னர் ஆரோக்கியமான தொண்டர்கள் மீதும், இறுதியில் இயன்மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளர் மீதும் பரீட்சிக்கப்படுகின்றது. 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகின்றது, 10 மீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம் செல்கின்றது, உடல் எவ்வளவு ஒட்சிசனைச் செலவிடுகின்றது என்பன அளக்கப்படுகின்றன. உணர்விழந்த காலில் பட்டி உராய்ந்து புண் ஏற்பட்டாலும் அணிந்தவர் அதனை அறியமாட்டார். ஆகையால் தோலையும் ஒவ்வொரு முறையும் பரிசோதிக்க வேண்டும். நீண்டகாலம் நடவாதவரின் எலும்பு நலிந்திருக்கும். ஒரு சறுக்கலே முறிவில் முடியலாம்.

இதன் எல்லைகளையும் மறைப்பதற்கில்லை. இது நோயைக் குணப்படுத்தும் மருந்தன்று. முற்றாகச் செயலிழந்தோருக்கான சாதனங்கள் பல 20 கிலோகிராமுக்கும் அதிக எடையுடையவை. பெரும்பாலும் ஊன்றுகோலும் பயிற்றப்பட்ட துணையாளரும் தேவை. விலையோ நம்மவருக்கு எட்டாதது. 2024இல் அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதித் திட்டம் இத்தகைய சாதனமொன்றுக்கு நிர்ணயித்த கொடுப்பனவு ஏறத்தாழ 91 ஆயிரம் டொலர். நமது பணத்தில் இரண்டரைக் கோடி ரூபாவுக்கும் அதிகம்.

விலையை விடவும் ஆழமான பிரச்சினை ஒன்றுண்டு. இச்சாதனங்கள் கதிரையில் அமர்ந்து, சப்பாத்தணிந்து, சமதரையில் நடக்கும் வாழ்க்கையை மனதிற்கொண்டே வடிவமைக்கப்பட்டுள்ளன. ரீவோக் போன்றவற்றின் பாதத்தட்டு சப்பாத்துக்குள்ளேயே இடப்படுகின்றது. கோயில் வாசலிலும் பள்ளிவாசலிலும் பாதணியைக் கழற்றி விட்டு உள்ளே செல்லும் நாம் என்ன செய்வது? இயலாதவர் கதிரையில் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கின்றது. ஆனால் வுழூச் செய்யுமிடத்தின் ஈரத்தரையைக் கடந்தல்லவா அக்கதிரையை அடைய வேண்டும்? தரையில் சம்மணமிட்டு உண்பதும், மழையில் வழுக்கும் தோட்டத்துப் பாதையில் நடப்பதும் வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் சோதனைப் பட்டியலில் இடம்பெறப் போவதில்லை.

இதே பிரச்சினைக்கு நமது பிராந்தியம் முன்னர் ஒருமுறை விடை கண்டிருக்கின்றது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தியிருக்கவும் வயலில் இறங்கவும் இடமளித்தது. யுத்தத்தில் கால் இழந்த நம்நாட்டவர் பலரை மீண்டும் நடக்க வைத்ததும் அதுவே. மேல்நாட்டுப் பாதத்தை அப்படியே இறக்குமதி செய்யாமல், அணிபவரின் வாழ்க்கையிலிருந்து அவர்கள் தொடங்கியமையே அவ்வெற்றியின் இரகசியமாகும்.

புறவன்கூட்டிலும் அவ்வழியே நமக்கு உகந்தது என்பது எமது கருத்து. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ருவன் கோபுரவும் அவரது குழுவினரும் அணியும் ரோபோக்கள் குறித்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ பொறியியற்பீடம், மருத்துவபீடம், இயன்மருத்துவம் கற்பிக்கும் பீடம் ஆகிய மூன்றும் உள்ளன. அருகிலேயே போதனா வைத்தியசாலை அமைந்துள்ளது. திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இயங்குகின்றது. சோதனைக்குரிய மலைச்சரிவும் படிகளும் ஈரத்தரையும் சுற்றுவட்டாரம் முழுவதும் உள்ளன. இவையனைத்தும் ஒருங்கே அமைந்த வேறோர் இடம் இலங்கையில் அரிது.

விலையுயர்ந்த மோட்டர்கள் இன்றியும் ஆரம்பிக்கலாம். 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மோட்டரோ மின்கலமோ அற்ற, சுருள்வில்லால் இயங்கும் கணுக்காற் கருவியொன்றினால் ஆரோக்கியமானவர்கள் நடப்பதற்குச் செலவிடும் சக்தியை ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்துக் காட்டினர். அது நோயாளருக்கான சாதனமன்று. ஆயினும் எளிய பொறிமுறையாலும் பயன் விளையும் என்பதற்கு அது சான்றாகும்.

அதேவேளை, இயந்திரம் வரும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதிகளைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 2006இலேயே வெளியிடப்பட்டுவிட்டன. சரிவுப்பாதையும் கைப்பிடியும் அமைக்க ரோபோ தேவையில்லை. கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதனை நாளையே ஆரம்பிக்கலாம். பல்கலைக்கழகங்கள் தமது பங்கை ஆற்றட்டும். நமது வாசற்படிகளைச் சீர்செய்வது நம் கடமையாகும்.