எல்லையூரிலிருந்து கல்லூரிக்கு

மேனிலைப் பள்ளித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் காலத்தில், பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான் எழுகிறது: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? தமிழ்நாட்டில் இருப்போர்க்கும் இக்கேள்வி உண்டு. ஆயின் அவர்கள் பாடத்தையும் கட்டணத்தையும் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் போதும். எல்லை கடந்து வாழும் நமக்கோ இவற்றுடன் வேறு இரண்டு கவலைகளும் சேர்ந்துகொள்கின்றன. எந்த மாநிலம் நம் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்கும் என்பது ஒன்று. படிப்பு முடிந்து பட்டம் பெறும் நாளில் அப்பிள்ளையிடம் தமிழ் எஞ்சியிருக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் குறித்து இன்று சிறிது சிந்திப்போம்.

இதனை விளக்குவதற்கு அமரவிளை மிகப் பொருத்தமான ஊர். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் அது. ஒரு திசையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் களியக்காவிளை, அதற்கப்பால் தமிழ்நாடு. மறு திசையில் ஏறத்தாழ 23 கிலோமீட்டரில் கேரளத்தின் தலைநகர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழ்வோர் பலர் அவ்வட்டத்தில் தங்கினர்.

அமரவிளை என்றவுடன் சரக்கு வண்டி ஓட்டுவோர்க்கு நெடுங்காலம் நினைவில் எழுந்தது அங்கிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியே. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அந்த வரிச் சோதனை ஓய்ந்தது. வாழைத் தாரும் மரச் சாமானும் இன்று எளிதாக எல்லை கடக்கின்றன. மாணவனின் சான்றிதழ் அவ்வளவு எளிதாக எல்லை கடப்பதில்லை. இதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளாத குடும்பங்கள் சேர்க்கைக் காலத்தில் அலைந்து துன்புறுகின்றன.

அமரவிளையைச் சுற்றியுள்ள இரு கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். தனுவச்சபுரத்தில் உள்ள வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி 1964-ல் தோன்றியது. அதே 1964-ல் மார்த்தாண்டத்தில் தோன்றியது இன்றைய நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி. ஒன்று கேரளப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது; மற்றது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இரண்டிற்கும் அமரவிளையிலிருந்து நாள்தோறும் சென்று வரலாம். தொலைவை மட்டும் நோக்கினால் தனுவச்சபுரமே மிக அருகில் உள்ளது. ஆயின் இங்குத் தொலைவு முதற்கேள்வி அன்று.

முதற்கேள்வி சான்றிதழைப் பற்றியது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையின் அண்மைக் கால விதிகளின்படி, 8-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே பயின்றவர் இருப்பிடச் சான்று காட்ட வேண்டுவதில்லை. வெளிமாநிலத்தில் பயின்ற தமிழ்நாட்டார் அச்சான்றைப் பெற்றே தீர வேண்டும். பெற்றோரின் சொந்த ஊர் தமிழ்நாடு என்று வாயால் சொன்னால் போதாது. வருவாய்த்துறை அதனை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். கேரளத்தின் தொழிற்கல்விச் சேர்க்கையில் விண்ணப்பதாரரைக் கேரளத்தார் என்றும், கேரளத்தார் அல்லாதார் என்றும் பிரித்து, பின்னவரை மேலும் இரு பிரிவாக்குவர். கேரளத்தில் பல்லாண்டு பயின்ற வெளிமாநிலத்தார் முதற்பிரிவில் இடம் பெறலாம். ஆயினும் வகுப்புவாரி ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் அப்பிரிவினர்க்கு இல்லை. எனவே நம் பிள்ளை இம்மூன்றில் எதில் அடங்குவான் என்பதைச் சேர்க்கைக்கு ஓராண்டு முன்னரே அறிந்துகொள்வது நன்று. விதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறக்கூடும். ஆதலின் அண்டை வீட்டார் சென்ற ஆண்டு கேட்டறிந்ததைக் கொண்டு முடிவு செய்யாமல், அவ்வாண்டின் விளக்க ஏட்டையே படிக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழில் இன்னும் மிகுந்த கவனம் தேவை. ஒரு மாநிலத்தில் பட்டியல் வகுப்பினராகவோ பட்டியல் பழங்குடியினராகவோ அறிவிக்கப்பட்டவர், வேறு மாநிலத்தில் குடியேறியபின் அங்கும் அதே உரிமையைக் கோர இயலாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் தீர்ப்பளித்தது. வேலை நிமித்தம் மும்பையிலோ பெங்களூருவிலோ குடியேறிய குடும்பங்களுக்கு இத்தீர்ப்பின் விளைவு பெரிது. சொந்த மாநிலத்தில் உள்ள உரிமை அழிந்துவிடுவதில்லை; புதிய மாநிலத்தில் மட்டும் அது செல்லுவதில்லை. ஆதலின், சலுகை இன்றிப் படிக்க வைக்கும் வசதி இல்லாத குடும்பம், பிள்ளையைச் சொந்த மாநிலக் கல்லூரிக்கு அனுப்புவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி படிப்பின் காலத்தைப் பற்றியது. கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் 2024-25 கல்வியாண்டு முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மூன்றாண்டு முடித்து இளநிலைப் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் முடித்தால் சிறப்புப் பட்டம். தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு முறையே தொடர்கிறது. முதுநிலைப் படிப்பை எந்த மாநிலத்தில் தொடர எண்ணுகிறோமோ, அம்மாநிலத்தின் பல்கலைக்கழகம் எந்தப் பட்டத்தை எவ்வாறு மதிக்கும் என்று முதலாண்டிலேயே கேட்டறிவது நலம். மூன்றாண்டில் வேலைக்குச் செல்ல வேண்டிய குடும்பநிலை உள்ள மாணவனுக்கும், ஆராய்ச்சியை நாடும் மாணவனுக்கும் ஒரே வழி பொருந்தாது.

மூன்றாவது, விளக்க ஏட்டில் உள்ள சொற்களைப் பற்றியது. நாம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். ஒரு சொல்லின் பொருளைத் தவறாகக் கொண்டால் ஒரு விண்ணப்பமே பயனற்றுப் போவதை அன்றாடம் காண்கிறோம். அரசுக் கல்லூரி என்பது அரசே நடத்துவது. அரசு உதவி பெறும் கல்லூரி என்பது தனியார் நிருவாகத்தில் இயங்கினும், அரசு ஏற்ற பணியிடங்களில் உள்ள ஆசிரியர்க்கு அரசு ஊதியம் வழங்குவது. சுயநிதிக் கல்லூரி தன் செலவைக் கட்டணத்தைக் கொண்டே நடத்துவது. உதவி பெறும் கல்லூரியிலேயே சில பாடப்பிரிவுகள் சுயநிதியில் நடப்பதும் உண்டு. ஆகவே கல்லூரியின் பெயரைக் கேட்டுக் கட்டணத்தை முடிவு செய்யாமல், பாடப்பிரிவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தானே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்துவது. பட்டத்தை அளிப்பது அது இணைந்துள்ள பல்கலைக்கழகமே. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே பட்டம் அளிப்பது. இவை எவற்றிலும் சேராமல், பல்கலைக்கழகம் என்ற பெயரை மட்டும் சூடிக்கொண்ட போலி நிறுவனங்களும் நாட்டில் உள்ளன. அவற்றின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக்குழு வெளியிட்டு வருகிறது. பணம் கட்டுமுன் அப்பட்டியலை ஒருமுறை பார்ப்பது பெற்றோரின் கடமை.

இனித் தமிழைப் பற்றிய கவலைக்கு வருவோம். அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கற்கும் வசதி செய்து தருமாறு மாநிலங்களை வேண்டுகிறது. 1956-ல் சேர்க்கப்பட்ட அப்பிரிவு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழர் மாநில அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. அதுவும் கல்லூரி வகுப்பறைக்குள் வருவதில்லை. கல்லூரியில் தமிழ் வாழ்வது அதனைத் தேர்ந்தெடுக்கும் மாணவரால் தான். தமிழை இரண்டாம் மொழியாக எடுப்போர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால், அவ்வகுப்பு நலியும்; பின்னர் வருவோர் விரும்பினாலும் அது இராது. ஆதலின் மாணவன் ஒருவன் விண்ணப்பத்தில் நிரப்பும் அந்த ஒரு வரி, அவனுக்குப் பின்னால் வருவோர்க்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

வாய்ப்பு இல்லாமலில்லை. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ்த்துறை உள்ளது. கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை, வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-ல் தோன்றியது. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியிலும் தமிழ் பயிலலாம். வடக்கே தில்லிப் பல்கலைக்கழகத்திலும் வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. கல்லூரி விளக்க ஏட்டைப் படிக்கும்போது, மொழிப் பாடங்களின் பட்டியலில் தமிழ் உண்டா என்றும், மொழிச் சிறுபான்மையினர்க்கெனத் தனி இடங்கள் உண்டா என்றும் தேடிப் பார்க்க நாம் மறத்தலாகாது.

தமிழ் பயின்றால் பிழைப்புக்கு உதவுமா என்று ஐயுறுவோர்க்கு மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையின் வாழ்வே விடையாகும். அவர் 1855-ல் ஆலப்புழையில், தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று 1876-ல் பட்டம் பெற்றார். அவர் கல்லூரியில் கற்றதும் பின்னர் அங்கேயே கற்பித்ததும் தத்துவம். தமிழைத் துணைச் செல்வமாகக் கொண்டு 1891-ல் மனோன்மணியம் என்னும் நாடகக் காப்பியத்தை வெளியிட்டார். அதன் வாழ்த்துப் பாடலின் பகுதியே 1970-ல் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்குரிய தமிழ்த்தாய் வாழ்த்தாகி, 2021-ல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. வெளியூரில் பிறந்து வெளியூர்க் கல்லூரியில் பயின்ற ஒருவரின் பாடலையே தமிழ்நாடு இன்று எழுந்து நின்று பாடுகிறது.

அவருடைய மாணவப் பருவத்திலிருந்து வேறு பாடங்களும் கற்கலாம். தத்துவப் பேராசிரியர் ஹார்வியிடம் அவர் பாடம் மட்டும் கேட்டு நின்றுவிடவில்லை. வாழ்நாள் நட்பைப் பெற்றார். பேரூர்க்கடையில் தாம் அமைத்த இல்லத்திற்கு ஆசிரியரின் பெயரையே சூட்டினார். மேலும், தாம் வாழ்ந்த திருவிதாங்கூரை அயல்நாடாகக் கருதி ஒதுங்கினாரல்லர். அந்நாட்டுக் கல்வெட்டுகளைப் படித்து, அதன் பண்டை மன்னர்களின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். தமிழையும் விடாமல், வாழும் மண்ணையும் வெறுக்காமல் இருந்த அந்நிலையே நம் பிள்ளைகளுக்கு வேண்டுவது.

இதே நகரில், அண்மைக் காலத்திற்கு உரிய சான்றும் உண்டு. நீல பத்மநாபன் மின்பொறியாளராகக் கேரள மின்வாரியத்தில் பணியாற்றியவர். அப்பணியினூடே தலைமுறைகள் என்னும் புதினத்தை 1968-ல் வெளியிட்டார். 2007-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பொறியியல் கற்பவனுக்குத் தமிழ் தடையாவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கல்லூரியில் சேர்ந்தபின் காலத்தைப் பயன்படுத்தும் வகையைப் பற்றிச் சில சொல்வோம். முதலாவது நூலகம். திருவனந்தபுரத்துப் பொது நூலகம் 1829-ல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. காரியவட்டத்தில் உள்ள கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் சுவடி நூலகத்தில் தமிழ் ஏட்டுச் சுவடிகளும் உள்ளன. நாள்தோறும் இரண்டு மணி நேரம் பேருந்திலும் இரயிலிலும் செலவிடும் எல்லையூர் மாணவன், வாரத்தில் ஒரு மாலையையாவது நூலகத்திற்கு ஒதுக்கினால், மூன்றாண்டில் அவன் படித்த நூல்கள் பாடநூல்களினும் மிகுந்துவிடும்.

இரண்டாவது, மலையாளத்தையும் நன்கு கற்றல். பேசத் தெரிந்தால் போதும் என்று நின்றுவிடாமல், எழுதவும் படிக்கவும் பழக வேண்டும். இருமொழியும் எழுதவல்ல பட்டதாரிக்கு நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வங்கியிலும் மொழிபெயர்ப்புத் துறையிலும் தனி மதிப்பு உண்டு. கர்நாடகத்தில் கன்னடம், மராட்டியத்தில் மராத்தி என அந்தந்த மாநிலத்தார் இதனைக் கொள்க.

மூன்றாவது, தோழமை. 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவற்றில் சேர்ந்தால், தன் மொழியினரோடு மட்டும் கூடியிருக்கும் குறை நீங்கும். விடுதியில் துன்புறுத்தல் நேரின் அதனை மறைத்து வைத்தல் கூடாது. 2009-ஆம் ஆண்டு மானியக்குழு விதிகளின்படி, பகடிவதையைத் தடுப்பதற்கான குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருத்தல் வேண்டும். மொழி தெரியாத ஊரில் தனியே தங்கும் பிள்ளைக்கு இச்செய்தியைப் பெற்றோர் முதல் நாளிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். சான்றிதழும் கட்டணமும் நாம் ஆராய வேண்டியவை. பாடத்தைத் தேர்வது பிள்ளையின் உரிமை. இரு மாநில விளக்க ஏடுகளையும் ஒரு மாலை வேளையில் பிள்ளையோடு அமர்ந்து படியுங்கள். புரியாத சொல்லைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றின் படிகளை ஒரே உறையில் இட்டு வையுங்கள். அதன்பின் மொழிப்பாடத்திற்கு உரிய கட்டத்தில் தமிழ் என்று பிள்ளை தன் கையால் எழுதட்டும். எல்லைக்கு எந்தப் பக்கக் கல்லூரியில் சேர்ந்தாலும், அந்த எழுத்து அவனுடன் செல்லும்.