மேட்டில் ஓட்டுச் சில்லு, ரத்தத்தில் டாவ் துணுக்கு

கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய மாளிகைமேட்டில் மண்மேல் ஒரு கூரை ஓட்டுச் சில்லு கிடந்தால், அடியில் கட்டடம் இருக்கலாம் என்று ஊகிக்கலாம். அரண்மனைச் சுவர்தானா என்பது குழி வெட்டினால்தான் தெரியும். அல்சைமர் நோயறிதலும் ஏறக்குறைய அப்படித்தான். மூளையில் அமிலாய்டு புரதம் படியப் படிய, நரம்பணுக்கள் டாவ் என்னும் இன்னொரு புரதத்தின் துணுக்குகளை உதிர்க்கின்றன. அதில் துளியளவு ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. பி-டாவ் 217 பரிசோதனை தேடுவது அந்தச் சில்லைத்தான். குழி வெட்டுவது அமிலாய்டு பெட் ஸ்கேன். (எம்.ஆர்.ஐ. மூளை சுருங்கியதைக் காட்டும், படிவைக் காட்டாது.) பெட் ஸ்கேனுக்குச் செலுத்தும் கதிரியக்க ஃபுளோரின் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஐந்தரை மணி நேரம் வண்டியில் வந்தால் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. ஆகவே ஜெயங்கொண்டத்துப் பெரியவர்தான் பெருநகரத்துக்குப் போயாக வேண்டும். பிரித்துக் குளிரூட்டிய ரத்தநீரோ அவருக்குப் பதிலாகப் பயணம் போய்விடும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் இப்படியொரு ரத்தப் பரிசோதனைக்கு முதன்முதலாக அனுமதி தந்தது. 499 பேரின் ரத்தத்தில் சோதித்தபோது, 'உண்டு' என்று வந்தவர்களில் 91.7 சதவீதத்தினருக்குப் படிவு இருந்தது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 சதவீதம் சரி. அப்படியென்றால் ஊர் ஊராக முகாம் போடலாமே என்று தோன்றும். கூடாது. அந்த 499 பேரும் ஏற்கெனவே நினைவு தடுமாறியவர்கள். நோயுள்ளவர், இல்லாதவர் இரு தரப்பிலும் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனையை, நூறு பேருக்கு மட்டுமே படிவுள்ள ஆயிரம் பேரிடம் செய்து பாருங்கள். தொண்ணூறு பேர் சரியாகச் சிக்குவார்கள். படிவே இல்லாத இன்னொரு தொண்ணூறு பேரும் கூடவே சிக்குவார்கள். கருவி ஒன்றுதான், ஆனால் முகாமில் அதன் சொல் பூவா தலையா கதையாகிவிடும். அந்தப் பெரியவர் சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறார் என்று மருமகள் சொல்வதை மருத்துவர் காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் ஊசிக்கு வேலை.

குணப்படுத்த மருந்தில்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய என்பார்கள். லெகானெமாப் போன்ற புது மருந்துகள்கூட வேகத்தைச் சற்றுக் குறைப்பவைதான்; மூளையில் கசிவு வருகிறதா என்று பார்க்க அடிக்கடி எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். ஆனால் 'இல்லை' என்ற விடைக்கும் மதிப்புண்டு. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்து மண்டைக்குள் கட்டிய ரத்தம் எல்லாம் மறதியாக வேடம் போடும். இவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போச்சு. எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (மறதி நோய்) என்கிறது தேசிய ஆய்வு; கிராமத்தில் விகிதம் கூடுதல். ஆனால் ரத்த அளவின் எல்லைக்கோடுகள் பெரும்பாலும் மேலைநாட்டு வெள்ளையரை வைத்து வரைந்தவை. இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமத்தினரை 45 வயதிலிருந்து ரத்தமும் ஸ்கேனும் எடுத்துத் தொடர்ந்து பார்த்துவருவது அதனால்தான் முக்கியம். நமக்கான எல்லைக்கோடுகள் வரும்வரை ஒன்று செய்யலாம். சிறுநீரகம் பழுதானால் டாவ் வடியாமல் ரத்தத்தில் ஏறி நிற்கும். சிறுநீரகத்தைக் கெடுப்பது சர்க்கரை நோய்; நம் ஊரில் சர்க்கரைக்காரர்களுக்கா பஞ்சம்? டாவ் பார்க்கச் சொல்லும் அதே சீட்டில் கிரியேட்டினினையும் எழுதிவிடலாம்.