பேறுகால மனச்சோர்வும் மருத்துவர் கேட்கும் கேள்விகளும்

பிள்ளை பெற்ற பெண் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காரணமின்றிக் கண்ணீர் விடுவதைத் தோட்டத்து மூதாட்டியர் நன்கறிவர். இக்கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தானே தணிந்துவிடும். அவ்வாறு தணியாமல், உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, குழந்தையைத் தூக்கவும் மனமின்றிப் போனால் அது நோயாகும். இதனைக் காற்றுக் கறுப்பு என்று மந்திரிப்பவரும் உண்டு; சோம்பல் என்று ஏசுபவரும் உண்டு. இரண்டினாலும் வீணாவது அப்பெண்ணின் நாட்களே.

கருவுற்றது முதல் பெண்கள் அடிக்கடி காண்பது மகப்பேறு மருத்துவரையும் தாதியரையுமே. ஆகவே இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதுபோல் மனநிலையையும் அவர்களே முதலில் விசாரிக்கவேண்டும் என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. இதற்கெனப் பல நாடுகளில் பயன்படுவது, 1987ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான எடின்பரோ வினாப்பட்டியலாகும். அதில் உள்ளவை பத்தே கேள்விகள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, வீணாகத் தம்மையே நொந்துகொண்டாரா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள். மொத்தம் 13ஐ எட்டினால் மருத்துவர் மேலும் விசாரிப்பார். புள்ளி மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. இரத்தச் சோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தருமாதலால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

பத்தாவது கேள்வி, தமக்குத் தாமே தீங்கிழைக்கும் எண்ணம் எழுந்ததா என்பதாகும். மற்றப் புள்ளிகள் குறைவாயினும், இதற்கு ஆம் என்றால் மருத்துவர் அன்றே கவனிப்பார். இடர்ப்பாடு இங்கேதான். மாமியாரும் கணவரும் அருகில் அமர்ந்திருக்க, எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? ஆதலால் உடன் வந்தோரைச் சற்று வெளியே இருக்குமாறு மருத்துவர் கூறக்கூடும். அதனை அவமதிப்பாகக் கருதலாகாது. மலாய் மொழி சரிவரப் புரியாதவர், தமிழறிந்த தாதி இருந்தால் அவரை அழைக்குமாறு கேட்கலாம். கணவரே மொழிபெயர்ப்பது இவ்விடத்தில் பொருந்தாது.

நோய் இலேசாயின் ஆலோசனை உரையாடலே போதுமானதாகலாம்; கடுமையாயின் மாத்திரையும் வேண்டும். சர்ட்ரலின் என்னும் மருந்து தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலப்பதால் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கொடுக்கப்படுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். பத்து நாளில் குணம் காணவில்லையென்று தாமே நிறுத்திவிடுவது தவறு. முன் பேற்றில் இந்நோய் கண்டவருக்கு மறுமுறையும் வரக்கூடும் என்பதால், முதல் பரிசோதனையிலேயே அதனைத் தெரிவித்தல் நலம்.

பிள்ளை பெற்றவள் உறக்கமேயின்றி, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலும், குழந்தைக்குத் தீங்கு நேரும்படி பேசினாலும், அது வேறு வகையான, அவசரமான நோய். அவளையும் குழந்தையையும் தனியே விடாமல், விடியும்வரை காத்திராமல், 999க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.