இணையவழிக் கார்ப் பந்தயமும் நடுவுநிலைமையும்

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. பந்தயத்திற்கெனப் பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான குறுகிய தொலைவே வகுக்கப்பட்டது. ஒத்தாரை ஒத்தாரோடு ஓடவிடுதலே பந்தய அறத்தின் முதற்படி என்பதை இச்செய்தி உணர்த்துகின்றது.

இவ்வறம் கொங்கு நாட்டிற்கும் புதிதன்று. நம் வட்டாரத்து ரேக்ளாப் பந்தயங்களில் 200 மீட்டர், 300 மீட்டர் எனத் தொலைவு பிரித்து, வண்டிகளைத் தனித்தனியே ஓடவிட்டு, நேரத்தைக் கணக்கிடும் வழக்கம் உண்டு. ஒரு வண்டி மற்றொன்றை இடிப்பதற்கு அங்கு இடமே இல்லை. கோவை தந்த கரிவர்தன் அவர்கள், மாருதி எஞ்சின் பொருத்திய ஒரே வகைப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் உருவாக்கினார். வண்டி ஒன்றாக இருந்தால் ஓட்டுபவர் திறன் தெளிவாகும் அன்றோ? 1995-இல் மறைந்த அவர் பெயரால் 2003-இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே திறக்கப்பெற்றது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

எனினும், பந்தயக் கார் ஓட்டும் வசதி எத்தனை இளைஞர்க்குக் கிட்டும்? பெரும்பாலோர்க்குக் கணினித் திரையே பந்தயத் தடம். அத்தடத்தில் நேர்மை கெடுமாயின், அவர்களுக்கெனத் திறந்திருந்த ஒரே வாயிலும் அடைபடும். ஆகவே, இணையவழிப் பந்தயத்தில் நடுவுநிலைமையை எவ்வாறு நிலைநாட்டுவது என்னும் வினா சிறுபிள்ளை விளையாட்டைப் பற்றிய வினாவன்று.

முறைகேடுகளின் வேர்

மெய்யான தடத்தில் இடித்தால் கார் சிதையும், உடல் நோகும், பணம் கரையும். திரையிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய கார் வந்து நிற்கும். அச்சமும் இழப்பும் இல்லாதபோது, வளைவில் வேகத்தைக் குறைக்காமல் முன்செல்பவர்மீது மோதித் தன் காரை நிறுத்திக்கொள்வாரும், தோற்றதும் சினந்து பிறரைத் தடத்திற்கு வெளியே தள்ளுவாரும் பெருகுகின்றனர். எதிரில் இருப்பவர் முகமும் பெயரும் அறியாத நிலை இதற்குத் துணைபோகின்றது.

வேறொரு காரணமும் உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 55 மீட்டர் கடக்கும். இணையச் செய்தி வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால், கார் மெய்யாக இருக்கும் இடத்திற்கும் திரையில் தோன்றும் இடத்திற்கும் ஐந்து மீட்டருக்குமேல் வேறுபாடு வரக்கூடும். இது ஒரு காரின் நீளத்திற்கு மேற்பட்டது. இத்தாமதத்தைக் கணினி ஊகித்து ஈடுசெய்ய முயன்றாலும், ஒருவர் இடிக்காமலே இடித்தவராகத் தோன்றுவதுண்டு.

மூவகைத் தீர்வுகள்

முதலாவது, தரம் பிரித்தல். 2008-இல் தன் சேவையைத் தொடங்கிய ஐரேசிங் என்னும் அமெரிக்க நிறுவனம், ஓட்டுநர்களுக்குப் படிப்படியான உரிமங்களை வழங்குகின்றது. அங்கு உண்மைப் பெயரிலேயே பங்கேற்றல் வேண்டும். வேகத்திறனுக்கு ஒரு மதிப்பெண், பாதுகாப்பாக ஓட்டுவதற்கு வேறொரு மதிப்பெண் என இரண்டும் தனித்தனியே கணிக்கப்பெறுகின்றன. எத்துணை விரைந்து ஓட்டினும், ஒழுங்காக ஓட்டாதார்க்கு மேல்நிலை உரிமம் கிட்டாது.

இரண்டாவது, கற்பித்தல். ஜப்பானின் பாலிஃபோனி டிஜிட்டல் 2017-இல் வெளியிட்ட ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ ஆட்டத்தில், நெறிமுறைகளை விளக்கும் காட்சிகளைப் பார்த்த பின்னரே இணையப் பந்தயத்தில் நுழைய இயன்றது. ஓட்டுநரின் நடத்தைக்கும் தனித்தரம் இருந்தது. அதன் இணையச் சேவை 2024-இல் நிறுத்தப்பெற்றது. எனினும் 2022-இல் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ 7’ ஆட்டத்தில் அந்நடத்தைத் தரம் தொடர்கின்றது.

மூன்றாவது, தண்டித்தல். ஐரேசிங்கில் தடம் விலகினால் 1 புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் 2, பிற காருடன் வலுவாக மோதினால் 4 எனக் குறைப்புள்ளிகள் சேரும். மோதிய இருவருக்குமே புள்ளி விழும். பிழை யாருடையது என்று கணினி ஆராய்வதில்லை. வேண்டுமென்றே இடித்தவர்மீது முறையீடு செய்தால், மனிதர்களே பதிவைப் பார்த்துத் தீர்ப்பளிப்பர்.

எந்திரத்தின் எல்லை

இடிபட்டவருக்கும் புள்ளியா என்று நாம் வினவலாம். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமை காட்டிய துலாக்கோல் எடையை அறியும். தட்டில் வைத்தவரின் உள்ளத்தை அறியாது. கணினியும் அத்தகையதே. அது மோதலை எண்ணும். ‘நிய்யத்’ எனப்படும் எண்ணத்தைக் காணாது. ஆயினும் நெடுங்காலக் கணக்கில் தவறாமல் இடிப்பவரின் தரம் தாழும்; பிறர் இடிக்கக்கூடும் என அறிந்து விலகி ஓட்டுபவரின் தரம் உயரும்.

ஏமாற்றுவார்க்கு எவ்வேலியும் வேலியன்று. 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த பார்முலா இ இணையப் பந்தயத்தில், டேனியல் ஆப்ட் என்னும் ஜெர்மானியத் தொழில்முறை ஓட்டுநர் தம் பெயரில் வேறொருவரை ஓட்டச் செய்தார். உண்மை வெளிப்பட்டதும் அவர் தகுதி நீக்கப்பெற்றார். 10,000 யூரோவை அறப்பணிக்குச் செலுத்துமாறு பணிக்கப்பெற்றார். ஆடி அணி அவரை இடைநீக்கம் செய்தது. வேடிக்கையாகச் செய்ததாக அவர் கூறினார். திரையில் செய்வது மெய்யன்று என்னும் எண்ணமே அவரை வீழ்த்தியது.

முடிவுரை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா என்னும் பெண் ஒட்டகத்தை எவரும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபியர் ஒருவரின் இளம் ஒட்டகம் அதனை முந்திச் சென்றது. தோழர்கள் வருந்தினர். நாயகம் (ஸல்) அவர்களோ, இவ்வுலகில் உயர்ந்த எதனையும் தாழ்த்துவது இறைவன் வகுத்த நியதி என்னும் கருத்தில் அவர்களைத் தேற்றினார்கள்.

தரம் பிரிக்கவும் புள்ளி எண்ணவும் கணினியால் இயலும். தன்னை ஒருவர் முந்தும்போது வழிவிடும் உள்ளத்தை அதனால் படைக்க இயலாது. அவ்வுள்ளத்தை இளமையிலேயே வளர்ப்பது வீட்டின் கடமை; கல்விக்கூடத்தின் கடமை. முந்தப்படுவதைப் பொறுக்கக் கற்றவனே நேர்மையாக முந்தவும் வல்லவன்.